கோல்கீப்பருக்கு ரெண்டு மார்க்

என் தம்பி சமையலறை மேசையில் பழைய துணியை விரித்து, ரேடியோவைக் கவிழ்த்துப் போட்டு, பேட்டரி உட்காரும் இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தது. என் நகவெட்டியில் இருக்கும் சின்ன அரம்தான் அவன் ஆயுதம். சுரண்டுவான், ஊதுவான், ஊதியதும் இருமுவான், மறுபடி சுரண்டுவான்.

“புதுசா ஒண்ணு வாங்கித் தொலைக்கலாம்ல?”

“இந்த மாதிரி ஸ்பீக்கர் இப்ப வர்றதில்லக்கா.”

அவன் பேசுவதைக் குரல் என்று சொல்ல முடியாது. தகர வாளியைச் சரளைக்கல்லில் இழுத்தால் வரும் சத்தம். மறுநாள் காலையில் அதையும் எடுத்துவிடப் போகிறார்கள். தொண்டையில் கட்டி. குரல்வளையோடு சேர்த்து எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் அது வேறு குரல். “இந்தக் குரல்ல யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா சொல்லிடுங்க” என்றார் டாக்டர்.

அவன் மகனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பல வருஷமாகச் சொல்லாமல் ஓட்டிவிட்டான். அதை அன்று மாலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ரேடியோவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மகனிடம் பேச ரேடியோ எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவன் பிழைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அது விளங்கும்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வாய் ஓயாது. நான் பாத்திரம் கழுவினால் பக்கத்தில் வந்து நின்று, கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, “அக்கா தட்டை எடுக்கிறார், தேய்க்கிறார், ஐயோ வழுக்குகிறது, பிடித்துவிட்டார், என்ன ஒரு பிடி!” என்பான். நான் உண்மையிலேயே தட்டைப் போட்டு உடைத்த அன்று அவனுக்கு ஒரே கொண்டாட்டம்.

படிப்பு ஏறவில்லை. கால்பந்து மைதானத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்யும் வேலை கிடைத்தது. வெள்ளைக் காரில் விளக்கு எரிகிறது, உரிமையாளர் அணைத்துவிட்டு வரவும் என்பதைக்கூடக் கோல் விழுந்த மாதிரிச் சொல்வான். ஒரு நாள் ரேடியோ நிலையத்தின் வர்ணனையாளருக்கு வயிறு சரியில்லாமல் போய், மைக்கை இவன் கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் இவன் திருப்பிக் கொடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் மாலை நிகழ்ச்சி அவனுடையதாகிவிட்டது. வேலை விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் நேரம். அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுவான், பிறகு யார் வேண்டுமானாலும் போன் செய்து சண்டை போடலாம். நிகழ்ச்சியை நடுவரின் விசிலை ஊதித்தான் தொடங்குவான். அதனால் ஊர் அவனுக்கு விசில் என்று பேர் வைத்தது. சொந்தப் பேர் எனக்கும் அவன் மனைவிக்கும்தான் நினைவிருந்தது.

ஒரு முறை நிலையத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு, முதுகுக்கு ஆகாத நாற்காலி. நேயர்கள் வரிசையில் காத்திருந்தால் போன் பெட்டியில் சிவப்பு விளக்குகள் மினுக்கும். மேசையில் இருந்த ஒரு கறுப்புப் பொத்தானைக் காட்டி இது எதற்கு என்று கேட்டேன்.

“இருமல் பொத்தான். அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருமினா வெளிய கேக்காது. இருமுறதைக் கேக்க வெச்சா அவன் ரேடியோக்காரனே இல்ல.”

“இருமாம சும்மா இருந்தா?”

“அது அதைவிட மோசம்க்கா. மூணு எண்ணுறதுக்குள்ள யாராவது பேசணும். இல்லேன்னா ரேடியோ செத்துப்போச்சுன்னு ஆளுங்க அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க. போன்ல வந்தவன் வாயடைச்சு நின்னா, மூணு எண்ணிட்டு வெட்டிவிட்டுடுவேன்.”

போன் எடுத்துத் தரும் பெண்ணுக்கும் இதையேதான் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருந்தான். அவள் தலையாட்டிக்கொண்டே அடுத்த விளக்கை அழுத்தினாள்.

நிகழ்ச்சியில் ஜனங்கள் உயிரை விட்டது மார்க்குக்காக. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவான். மறுநாள் டீக்கடை, பஸ், ஆபீஸ், எங்கே போனாலும் அந்த மார்க்கைப் பற்றித்தான் பேச்சு. பேக்கரிக்காரர் ஒருவர் தவறாமல் போன் செய்வார், எல்லாருக்கும் இரண்டு மார்க் குறைக்கச் சொல்லுவார்.

“விசில், உங்க கை ரொம்ப தாராளம். அந்த நெட்டைக்கு ஆறா? என் ரொட்டி அடுப்பு அவனைவிட வேகமா நகரும்.”

“உங்க ரொட்டியைத்தான் சார் போன வாரம் அவன் காலணிக்கு அடியில வெச்சுத் தெச்சிருக்கான், அதான் மெதுவா ஓடறான்.”

ஊர் சிரிக்கும். மறுநாள் பேக்கரிக்காரரே அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

என் தம்பி மகன் அதே ஊர் அணிக்குக் கோல்கீப்பராகத் தேர்வானான். நெடுநெடுவென்று இருப்பான், அதிகம் பேசமாட்டான். பேச வேண்டியதையெல்லாம் அப்பனே பேசித் தீர்த்துவிட்டதால் அவனுக்கு மிச்சமில்லை என்று நான் கேலி செய்வேன். நிலையத்து மேலாளர் தம்பியைக் கூப்பிட்டு, மகன் ஆடும் ஆட்டங்களுக்கு வேறு யாராவது மார்க் போடட்டுமா என்று கேட்டார். இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மற்றவனுக்குப் போடுகிற மாதிரியே அவனுக்கும் போடுவேன் என்றான்.

அப்படிப் போடவில்லை. ஏழு போட வேண்டிய இடத்தில் ஆறு போட்டான். ஆறுக்கு ஐந்து. பேக்கரிக்காரருக்கே பொறுக்கவில்லை.

“என்ன விசில், சொந்தப் பையனுக்கு ஒரு ஏழு போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

“இங்க பையன்னு யாரும் கிடையாது சார். கோல்கீப்பர்தான் இருக்கார்.”

பொத்தானை அழுத்தி வெட்டிவிட்டான். ஊரே கை தட்டியது, விசில் நேர்மையான ஆள் என்று. அவன் மனைவி அன்று ரேடியோவை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். ரேடியோவில் ஒரு தடவைகூட அவன் ‘என் மகன்’ என்று சொன்னதில்லை. அதில் அவனுக்குப் பெருமை.

பிறகு அந்த மழை ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். கடைசி நேரத்தில் எதிரணிக்காரன் தூரத்திலிருந்து உதைத்தான். மகன் சரியான பக்கம்தான் பாய்ந்தான். பந்து நம் அணித் தடுப்பாட்டக்காரன் குதிகாலில் பட்டுத் திரும்பி, நீட்டின கைக்கு மறுபக்கமாக வலைக்குள் போய்விட்டது. மழையில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டான் என்றுதான் மைதானம் முழுக்கக் கத்தியது.

அன்று மாலை போன் பெட்டியில் எல்லா விளக்கும் எரிந்ததாம். ஒவ்வொருவனும் ஒரே பாட்டு: விசில் இன்னைக்கு மகனைக் காப்பாத்துவாரு பாருங்க. தம்பி மார்க்கைப் படித்தான். அந்தத் தடுப்பாட்டக்காரனுக்கு ஐந்து. கோல்கீப்பருக்கு இரண்டு.

நிகழ்ச்சி முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்தவன், சாப்பிடாமல் சொன்னான்.

“பந்து குதிகால்ல பட்டுதுக்கா. மேல கண்ணாடி அறைலேந்து நல்லாவே பாத்தேன்.”

“அப்புறம் எதுக்கு ரெண்டு?”

“எட்டு போட்டா என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பாங்க.”

“அதை அவன்கிட்ட போய்ச் சொல்லு.”

“நாளைக்கு நிகழ்ச்சிலயே திருத்திடறேன்.”

மறுநாள் அணிப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். நிகழ்ச்சி முழுக்க அதே பேச்சு. அதற்கு மறுநாள் வேறொன்று. நேற்றைய ஆட்டம் பழங்கதை என்பது அந்தத் தொழிலில் சட்டம் மாதிரி. திருத்தம் வரவேயில்லை.

இரண்டு மட்டும் பழசாகவில்லை. அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அடுத்த பருவத்தில் மகன் மைதானத்துக்குள் வரும்போதெல்லாம் ஜனங்கள் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். சொந்த ஊர்க்காரர்களும்தான். கடைக்குப் போனால் சின்னப் பிள்ளைகள்கூட ‘ரெண்டு, ரெண்டு’ என்று கூப்பிட்டன. அணி அவனை விடுவித்தது. வேறு அணி எதுவும் எடுக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிட்டான். அப்பனோடு சண்டை போட்டானா என்றால் இல்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருவான், உடம்பு எப்படி இருக்கு என்பான், போய்விடுவான். தாய் இருந்தவரை இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் இறந்த பிறகு அதுவும் நின்றது. நான் வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தம்பியோடு வந்து தங்கினேன்.

தம்பிக்குக் குரல் கம்மத் தொடங்கியபோது நேயர்களுக்கு அது பிடித்திருந்தது. அழுத்தமான குரல் என்றார்கள். டாக்டரிடம் தொண்டையைக் காட்டு என்று நான் நச்சரித்தேன். பருவம் முடியட்டும் என்பான். இந்தத் தொழில்காரனுக்கு எல்லாமே பருவம் முடிந்துதான். வீட்டில் விழுங்கச் சிரமப்படுவதைப் பார்த்து நானே இழுத்துக்கொண்டு போனேன், அதற்குள் கட்டி வளர்ந்துவிட்டது. நிலையத்தில் சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். போன் எடுத்துத் தந்த பெண் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றாகவே நடத்துகிறாள்.

ஆபரேஷன் தேதி குறித்ததும் மகனுக்கு நான்தான் சொன்னேன். “எப்ப கிளம்பணும்னு சொல்லுங்க அத்தை, வண்டி எடுத்துட்டு வர்றேன்” என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆக, அந்த மாலை. ரேடியோவைச் சரி செய்து, மூடியை மூடி, முள்ளைத் தன் நிலையத்துக்குத் திருப்பினான். பிறகு போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“அவன் நம்பர் சுவத்துலயே ஒட்டியிருக்கு” என்றேன்.

“அவனுக்கு இல்லக்கா. நிகழ்ச்சிக்குப் பண்றேன்.”

“உனக்கு மூளை எங்க போச்சு? நாளைக்கு ஆபரேஷன். பெத்த பிள்ளைகிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்ல ஊரைக் கூட்டணுமா?”

“ஊரே கேக்கத்தான் ரெண்டுன்னு சொன்னேன். இவன் காதுல மட்டும் குசுகுசுன்னு எட்டுன்னு சொன்னா அதுக்குப் பேர் என்ன? ஊர் கேக்கத்தான் மாத்தணும்.”

அதிலும் நியாயம் இல்லாமலில்லை. நான் மறுநாளைக்குப் பையில் துண்டுகளை அடுக்கினேன்.

இப்போது நிகழ்ச்சியை நடத்தும் அந்தப் பெண்ணுக்கு நேரடியாகச் சொல்லியிருந்தால் உடனே எடுத்திருப்பாள். இவன் செய்யவில்லை. நேயர்கள் வரிசையிலேயே நின்றான். இப்போது போன் எடுப்பவர் புதிது. இவன் குரலை யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது?

“யாரு பேசறீங்க?”

“பழைய நேயர்.”

“எதைப் பத்தி சார்?”

“ஒரு கோல்.”

“நேத்து விழுந்த கோலா?”

“ரொம்பப் பழசு.”

“சுருக்கமா பேசணும் சார். காத்திருங்க.”

காத்திருந்தான். எத்தனை பேரை இப்படிக் காக்க வைத்திருப்பான்! ரேடியோவில் விளம்பரம் ஓடியது, போனிலும் அதே விளம்பரம் ஓடியது. எதிரொலிக்கும் என்று எனக்குச் சைகை காட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான்.

“அடுத்து ஒரு பழைய நேயர். வணக்கம் சார், சொல்லுங்க.”

“வணக்கம்மா. அந்த மழை மேட்ச். கோல்கீப்பருக்கு ரெண்டு மார்க்...”

அதற்குமேல் தொண்டை அடைத்தது. இருமல் பொங்கிக்கொண்டு வந்தது. என்ன செய்தான் தெரியுமா? சட்டென்று போனில் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்திக்கொண்டு இருமினான். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர இருமினான். விரல் மட்டும் பொத்தானை விடவில்லை. வெளிப்படையாக இருமியிருந்தால் யாரோ உடம்பு சரியில்லாதவர் என்று அவள் பொறுத்திருப்பாள். அவளுக்குக் கேட்டதெல்லாம் வெறும் மௌனம். மூன்று எண்ணியிருப்பாள்.

“லைன் போயிடுச்சு போல. பரவாயில்ல, பழசை ஞாபகப்படுத்திட்டுப் போயிட்டாரு. யாரு அடுத்து? நம்ம பேக்கரி சார்!”

“இப்ப பேசினவர் யாருன்னு தெரியல. அந்த ரெண்டு மார்க் இருக்கே, அன்னைக்கு விசில் போட்டது, அதுவே அதிகம்மா. ஒண்ணு போட்டிருக்கணும்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவளும் என்ன செய்வாள், அவள் வேலை அது.

தம்பி மறுபடி எண்ணைப் போட்டான். எல்லா இணைப்பும் நிரம்பியிருந்தது. மறுபடி போட்டான். கடைசி விசில் ஊதி நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் போட்டுக்கொண்டேயிருந்தான். நான் ரேடியோவை அணைத்து, சுவரைக் காட்டினேன்.

“இப்பவாவது அவனுக்குப் போடு.”

“காலைல வர்றான்ல. காலைல சொல்றேன்.” அது பேச்சாகவே வரவில்லை, உதடு அசைந்தது மட்டும்தான். வெந்நீரில் ஆவி பிடிக்க வைத்துப் படுக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை மகன் வந்தான். மேலே பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் கார், சட்டைப் பையில் பள்ளியின் பேர். தம்பி குளித்துத் தயாராகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மகன் பையைத் தூக்க வந்தவன், தூக்காமல் என்னைப் பார்த்தான்.

“நேத்து கார்ல ரேடியோ ஓடிட்டு இருந்துது அத்தை. அவர் வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆபரேஷனுக்கு முந்தின நாள்கூட அந்த ரெண்டு மார்க்தானா?”

“மாத்தறதுக்குத்தான்டா கூப்பிட்டான். அதுக்குள்ள இருமல் வந்து தொலைச்சுது.”

தம்பி எழுந்து நின்றான். இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, “பந்து குதிகால்ல பட்டுது” என்றான்.

“அது எனக்குத் தெரியும்பா. என் கைக்கு வந்த பந்து எப்படித் திரும்புச்சுன்னு எனக்குத் தெரியாதா?” மகன் குரல் உயரவில்லை. “மழைல உங்களுக்குத் தெரியலன்னு நினைச்சுட்டு இருந்தேன். கண்ணுக்குப் பட்டதைத்தான் சொன்னாருன்னு. எப்பப்பா தெரிஞ்சுது?”

தம்பி பொய் சொல்லியிருக்கலாம். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் சரியாகியிருக்கும். நானே அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அப்பவே” என்றான் தம்பி.

மகன் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று அல்ல, முப்பதுகூட எண்ணியிருக்கலாம். தம்பி அந்த மௌனத்தை நிரப்ப எதுவும் சொல்லவில்லை. பிறகு மகன் பையைத் தூக்கிக்கொண்டான்.

“வாங்க, நேரமாச்சு.”

காரில் தம்பி முன்னால் உட்கார்ந்திருந்தான். கற்றுக்கொடுப்பவருக்கான பிரேக் அவன் காலடியில் இருந்தது. அதில் படாமல் காலைப் பின்னுக்கு இழுத்துவைத்திருந்தான். மகன் எப்போதும்போல ஒழுங்காக, நிதானமாக ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு முன்னால் தம்பியைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து, நர்ஸ் கேள்விகளைக் கேட்டுச் சரிபார்த்தாள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், பல் செட் உண்டா, ஒவ்வாமை உண்டா. எல்லாம் கிரமமாகக் கேட்டாள், நல்ல பயிற்சி. மகன் சட்டையைப் பார்த்துவிட்டு, “இவர் யாரு, டிரைவரா?” என்றாள்.

தம்பி தலையைத் தூக்கினான். ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை, குனிந்தாள். மறுபடி சொன்னான். காற்றுதான் வந்தது. மூன்றாம் தடவை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னான். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“என் மகன்.”

அந்தக் குரலில் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். மார்க்கை மாற்றவில்லை. மாற்ற ஊரும் அங்கே இல்லை. மகன் போர்வை நழுவியிருந்ததை இழுத்துவிட்டான். கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் தம்பியின் சட்டையை மடித்து, மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் போட்டு, செருப்பைத் தனிப் பையில் கட்டினேன். மகன் காத்திருக்கும் இடத்தில் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு, சுவரோரமாக நின்று, அன்று கார் ஓட்டப் பழக வர இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தான். இன்றைக்கு வகுப்பு இல்லை என்றான். ஏன் என்று கேட்டார்கள் போலிருக்கிறது.

“அப்பாவுக்கு ஆபரேஷன்” என்றான். அடுத்தவருக்கும் அதையே சொன்னான்.